புயல் போட்ட சேற்றை வரவில் எழுதாதீர்கள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கடலோரப் பாதுகாப்பு, மீட்பு ஆணையத்தாருக்கு,

வணக்கம். பெரிய ஹரிக்கேன் ஒன்று கரையைக் கடந்துபோன பிறகு, ஊருக்குச் சேதம்தான், ஆனால் சதுப்பு நிலத்துக்குப் புது மண் கிடைத்ததே என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அதில் உண்மை இருக்கிறது. 2005-இல் கத்ரீனாவும் ரீட்டாவும் ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து அடித்தபோது உங்கள் சதுப்பு நிலங்களின் மேல் 13 கோடி டன் வண்டல் படிந்ததாக மறு ஆண்டே ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கணக்கை மறுத்தும் எழுதினார்கள், அது இருக்கட்டும். தாழ்ந்துகொண்டே போகிற நிலத்துக்குச் சில சென்டிமீட்டர் சேறுகூடப் பெரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சேறு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பக்கத்து விரிகுடாக்களின் தரையிலிருந்தும் கரையை ஒட்டிய கடலடியிலிருந்தும். ஆழம் குறைந்த விரிகுடாவில் புயலின் அலை அடிவரை இறங்கிக் கலக்குகிறது, ஏறிவரும் கடல்நீர் அந்தக் கலங்கலைப் புல்வெளிக்குள் தள்ளுகிறது, புல் நீரின் வேகத்தைக் குறைப்பதால் சேறு அங்கேயே படிகிறது. நீர் வடியும்போது ஒரு பங்கு கடலுக்கே போய்விடுகிறது. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டதை எப்படி வருமானம் என்பது? தரை அரிக்கப்பட்ட இடத்தில் விரிகுடா ஆழமாகும், ஆழமானால் அலை பெரிதாகும், அந்த அலை வந்து இடிப்பது அதே சதுப்பின் விளிம்பைத்தான்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். அந்த இரண்டு புயல்களில் சுமார் 560 சதுர கிலோமீட்டர் நிலம் தண்ணீரானது, அதில் கொஞ்சம் பிறகு மீண்டது என்றாலும். நியூ ஆர்லியன்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள பிரெட்டன் சவுண்ட் என்ற கடல்கழிப் பகுதியின் மேல்பக்கத்தில் உப்பு குறைந்த சதுப்புகள்தான் மோசமாக அடிபட்டன, ஏனென்றால் அங்கே மண் இளக்கம், வேர் ஆழமில்லை, புல் மண்ணோடு சேர்ந்து உரிந்துபோனது. ஒரு பக்கம் சேறு படிந்ததைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

உங்களிடம் நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கிட்டத்தட்ட 390 கண்காணிப்பு இடங்களில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் வெள்ளைப் பொடியைத் தூவிவைத்து, அதன்மேல் எவ்வளவு வண்டல் சேர்ந்தது என்று பார்க்கிறீர்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அது சதுப்பின் கதையை மட்டும்தான் சொல்கிறது. புயல் ஓய்ந்ததும், புதுச் சேறு அமுங்கி இறுகும் முன்பே விரிகுடாத் தரையையும் அளந்து, எங்கே அரித்தது, எங்கே சிப்பிப் படுகை புதைந்தது, கிளறப்பட்ட பழைய சேற்றில் நச்சு உலோகம் ஏதும் இருக்கிறதா என்பதையெல்லாம் நில இழப்புக் கணக்கோடு ஒரே அறிக்கையில் வெளியிடுங்கள், நாங்கள் தேடி அலையாமல் படிக்கிற மாதிரி.

அப்புறம் ஆறு. உண்மையான புது மண் மிசிசிப்பி கொண்டுவருவதுதான், அதுவும் மேலே கட்டிய அணைகளால் பழைய அளவில் பாதிக்கும் கீழே போய்விட்டது. வருவதையும் கரைச்சுவர்கள் சதுப்புக்குள் விடுவதில்லை. ஆற்று நீரையும் மண்ணையும் பராட்டேரியா வடிநிலச் சதுப்புக்குள் திருப்பிவிட இருந்த மிட்-பராட்டேரியா வண்டல் திருப்புத் திட்டம் 2023-இல் தொடங்கி 2025-இல் கைவிடப்பட்டது. சிப்பி வளர்ப்பவர்கள், இறால் பிடிப்பவர்கள் பயந்தது நியாயம்தான், நன்னீர் புகுந்தால் முதலில் அடிபடுவது அவர்கள் பிழைப்பு. சரி, அது வேண்டாம் என்றால் அந்த வடிநிலத்துக்கு ஆற்று மண் எந்த வழியாக, எந்த ஆண்டு முதல், எவ்வளவு போகும் என்று எழுத்தில் சொல்லுங்கள். அடுத்த புயல் கொண்டுவரும் என்பதை பதிலாக ஏற்க முடியாது.