கம்ப்யூட்டர் தானாகப் பேசினால் ஃபார்மேட் போடாதீர்கள்: வேலூர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், வீட்டுக்கே வந்து பழுது பார்த்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

"கம்ப்யூட்டர் தானா பேசுது, நிறுத்தத் தெரியலை" என்று யாராவது உங்களிடம் வந்தால், தயவுசெய்து வைரஸ் என்று சொல்லாதீர்கள், ஃபார்மேட் போடாதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் காட்பாடியில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு, ஓய்வு பெற்ற பெரியவர்களும் உண்டு. சத்துவாச்சாரியில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டம்மா கீபோர்டில் படிந்த தூசியை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். உடனே ஒரு குரல் இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டது. திரையில் எதைத் திறந்தாலும் அதன் பெயரைச் சொல்கிறது, டைப் அடித்தால் எழுத்தெழுத்தாக ஒப்பிக்கிறது, போகிற இடமெல்லாம் கூடவே ஒரு நீலக் கட்டமும் போகிறது. "இன்னாமா இது, எதை அமுக்கினாலும் பேசிகினே கீது" என்று பயந்துபோய் ஸ்விட்சையே அணைத்திருக்கிறார். மறுநாள் அவர் வீட்டுக்காரர் சிபியூவைக் கழற்றி டூவீலரில் வைத்து ஒரு கடைக்கு எடுத்துப் போனார். வைரஸ் என்று சொல்லி மொத்தமாக ஃபார்மேட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மகள் எழுதி வைத்திருந்த கல்லூரி புராஜெக்ட் போயிற்று. இறந்துபோன மாமனாரின் படங்களும் அதோடு போயின. என்னைக் கூப்பிட்டுச் சொன்னது அதற்கப்புறம்தான்.

அந்தக் குரலை நிறுத்தக் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் ஒருசேர அமுக்கியிருந்தால் போதும். பேச வைத்ததும் அதே மூன்று சாவிதான். இடது கீழ் மூலையில் இருக்கும் கண்ட்ரோலும் விண்டோஸும், வலது பக்கம் இருக்கும் என்டரும் துடைக்கும்போதோ, குழந்தை இரண்டு கையாலும் தட்டும்போதோ சேர்ந்து அமுங்கிவிடும். விண்டோஸிலேயே நேரேட்டர் என்று ஒரு ஸ்கிரீன் ரீடர், அதாவது பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் புரோகிராம், இருக்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. அது எழுந்துகொண்டது, அவ்வளவுதான். கேப்ஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு எஸ்கேப்பைத் தட்டினாலும் மூடிக்கொள்ளும். விண்டோஸ் 8 மாதிரிப் பழைய மெஷின்களில் விண்டோஸும் என்டரும் சேர்ந்தாலே அது கிளம்பிவிடும். அங்கேயும் கேப்ஸ் லாக்கும் எஸ்கேப்பும் கைகொடுக்கும்.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் கடைக்கு வருகிறவர் "பேசுது" என்றே சொல்வார் என்பதற்கு உத்தரவாதமில்லை. அங்கேதான் தப்பு நடக்கிறது. "கேப்ஸ் லாக் வேலை செய்யலை, கீபோர்டு போச்சு" என்று ஒருவர் வருவார். நேரேட்டர் ஓடும்போது கேப்ஸ் லாக் அதன் கட்டளைச் சாவியாகிவிடும். ஒரு தட்டுக்கு அசையாது, சட்டென்று இரண்டு தட்டு தட்டினால்தான் பெரிய எழுத்துக்கு மாறும். இன்னொருவர், "பாட்டு கேட்டுகினு இருக்கும்போது சத்தம் திடீர் திடீர்னு இறங்குது, ஸ்பீக்கர் அவுட்டு" என்பார். நேரேட்டர் பேசும் நேரத்தில் மற்ற சத்தத்தை அதுவே தாழ்த்தும்; அப்படி ஒரு செட்டிங் அதற்குள் இருக்கிறது. வேறொருவர் அந்தக் குரலின் வால்யூமைத் தானே குறைத்து வைத்துவிட்டு, நீலக் கட்டத்தை மட்டும் காட்டி "மானிட்டர்ல கோடு விழுது" என்பார். இந்த மூன்றுக்கும் புதுக் கீபோர்டு, புது ஸ்பீக்கர், புது மானிட்டர் என்று காசு செலவழிக்க வைப்பது பாவம். உங்களிடம் வருகிறவர்கள் பாதிப்பேர் பீடி சுற்றியும், தோல் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போயும் சேர்த்த காசில் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள்.

மறுபடி மறுபடி கிளம்பினால் அதற்கும் வழி இருக்கிறது. விண்டோஸ், கண்ட்ரோல், என் என்ற எழுத்து மூன்றையும் சேர்த்து அமுக்கினால் நேரேட்டர் செட்டிங்ஸ் நேராகத் திறக்கும். அங்கே கீபோர்டு ஷார்ட்கட்டை ஆஃப் செய்துவிட்டால் துணி பட்டாலும் குழந்தை தட்டினாலும் எழாது. சைன் இன் செய்வதற்கு முன்போ பின்போ தானாகத் தொடங்கச் சொல்லும் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே பேசினால் வலது கீழ் மூலையில் இருக்கும் அக்சஸிபிலிட்டி சின்னத்தை (விண்டோஸ் 11-இல் ஆள் உருவம் போட்டிருக்கும்) தட்டினால் அங்கேயே நிறுத்தலாம். அவசரத்துக்கு வெறும் கண்ட்ரோலை ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள், அந்த நேரத்துப் பேச்சாவது நிற்கும். இதெல்லாம் போனிலேயே சொல்லி முடிக்கிற வேலை. சிபியூவைத் தூக்கிக்கொண்டு லாங் பஜார் நெரிசலில் வரத் தேவையே இல்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். தொல்லை ஒழியட்டும் என்று சிலர் சிஸ்டம் ஃபைல்களுக்குள் புகுந்து நேரேட்டர் ஃபைலின் பெயரையே மாற்றி, அது இனி எழவே முடியாதபடி செய்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கண் தெரியாதவர்கள் பலர் அன்றாட வேலைக்கு என்விடிஏ என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துகிறார்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் புது மெஷினில் அந்த என்விடிஏவை யார் துணையும் இல்லாமல் டவுன்லோடு செய்து போட்டுக்கொள்ள, முதலில் ஒரு குரல் வேண்டுமே. அந்த முதல் குரல் நேரேட்டர்தான். விண்டோஸ் 10-இலும் 11-இலும் விண்டோஸ் நிறுவுகிற திரையிலேயே அது பேசும். நீங்கள் பிடுங்கிப்போட்டால் அந்த வீட்டில் ஒருவர் பாஸ்வேர்டு திரையைத் தாண்டவே இன்னொருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் கண்ணு நல்லா தெரியுது" என்று வாடிக்கையாளர் சொல்லலாம். இன்றைக்குத் தெரியும். ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். சர்க்கரையால் பார்வை மங்கியவர்கள், கண்ணில் பிரஷர் ஏறி ஓரப்பார்வை போனவர்கள் எத்தனை பேர். நான் சொல்லிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இப்போது இரண்டு விரல் அகல எழுத்தைத்தான் படிக்கிறார். அவர் வீட்டில் நேரேட்டருக்குத் தமிழ்க் குரலும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் வள்ளுவர். மகனுக்கு வந்த தமிழ் மெயிலை அது வாசித்தபோது, "இன்னொரு வாட்டி போடும்மா" என்று கேட்டு வாங்கிக் கேட்டார். அதே வீட்டில் பேரப்பிள்ளைக்கு அந்தச் சத்தம் ஆகாது. அதனால் எழுப்பும் சாவி தாத்தாவுக்கும் தெரியும், நிறுத்தும் சாவி பேரனுக்கும் தெரியும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஆகவே நிறுத்திக் கொடுப்பதோடு விடாதீர்கள். வாடிக்கையாளரின் விரலைப் பிடித்து அந்த மூன்று சாவிமேல் வைத்து, ஒருமுறை எழுப்பச் சொல்லி, ஒருமுறை அணைக்கச் சொல்லுங்கள். "வீட்ல யாருக்காவது பார்வை கம்மியா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் ஷார்ட்கட்டில் கை வையுங்கள். அதற்கு ஐம்பதோ நூறோ வாங்கினால்கூட நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு. ஃபார்மேட் போட்டே ஆக வேண்டிய வேறு கோளாறு இருந்தால், ஃபைலெல்லாம் வேறு டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, அதை அவர் கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள்.

செல்போனுக்கும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக் கிளம்பிவிட்டால் ஒரு தட்டுக்கு எதுவும் திறக்காது, இரண்டு தட்டு வேண்டும். போன் ஹேங் ஆகிவிட்டது என்று வருவார்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு வால்யூம் பட்டனையும் மூன்று விநாடி சேர்த்துப் பிடித்தால் நின்றுவிடும். ரீசெட் வேண்டாம்.

சிபியூமேல் ஒட்டுகிற அளவில் ஒரு சீட்டுத் தமிழில் அடித்து வைத்திருக்கிறேன்: "கம்ப்யூட்டர் பேசினால் பயப்பட வேண்டாம். கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அமுக்கவும். மீண்டும் பேச வைக்கவும் இதே." பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமும் காட்பாடி பக்கமும் இருக்கும் கடைகளுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். காசு வேண்டாம். சர்வீஸுக்கு வரும் ஒவ்வொரு மெஷினிலும் ஒன்று ஒட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வீடு வீடாகக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் ஒருத்தி,
காட்பாடி.