‘மோகமுள்’ளுக்குப் பிறகு என்ன படிப்பது: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மூன்று மாதங்களாகப் படித்துவந்த தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவல் சென்ற வாரம் முடிந்துவிட்டது என்றும், அன்றிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றும், இதைப்போலவே இன்னொரு நாவல் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். இதைப்போலவே இன்னொன்று இல்லை என்பதுதான் என் முதல் பதில். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இப்போது அதை எடுக்காதீர்கள். ‘மோகமுள்’ளில் பாபு காதலிக்கும் யமுனாவின் நினைவு ஆறுவதற்குள், ‘அம்மா வந்தாள்’ நாவலின் அம்மாவான அலங்காரத்தம்மாளிடம் போனால் அவளிடமும் யமுனாவையே தேடுவீர்கள். நான் அப்படித்தான் படித்துக் கெடுத்துக்கொண்டேன். அலங்காரம் முற்றிலும் வேறொருத்தி என்பது, பல ஆண்டுகள் கழித்து மறுபடி படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் கடிதத்தில் பாபுவின் காதலைப் பற்றி நான்கு வரிதான் இருந்தது. அவனுடைய சங்கீத குரு ரங்கண்ணாவின் பேச்சைப் பற்றியும், பாபுவும் அவன் நண்பன் ராஜமும் பேசிக்கொள்வதைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். கும்பகோணத்துத் தெருவில் நின்று ஒட்டுக்கேட்டதுபோல இருந்தது என்றீர்கள். நீங்கள் காதால் படிக்கிறவர். ஆகவே கதையின் சாயலை விட்டுவிட்டு, பேச்சு நன்றாகக் கேட்கும் நாவல்களாகச் சொல்கிறேன்.

முதலில் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும் சிறிய நாவல். குழாயில் தண்ணீர் வராத எழுபதுகளின் சென்னையில், சினிமா ஆசை காட்டி ஏமாற்றப்பட்ட ஜமுனாவும், அவள் தங்கை சாயாவும், அதே தெருவில் குடியிருக்கும் டீச்சரம்மாவும்தான் முக்கியமான மனிதர்கள். ஜமுனா, யமுனா இரண்டும் ஒரே பெயர் என்பதைக் கவனியுங்கள். அங்கே பாபு அந்தப் பெயரைத் தெய்வமாக்கி வைத்திருந்தான். இங்கே நதியின் பெயரை வைத்துக்கொண்டு ஒருத்தி குடத்தோடு தண்ணீருக்கு அலைகிறாள், அவளை நிமிர்ந்து பார்த்து உருகுவதற்கு யாரும் இல்லை. தஞ்சாவூர்ப் பேச்சின் நீளமும் குழைவும் இதில் கிடையாது. எல்லாரும் சுருக்கமாக, பாதி வேறெங்கோ நினைவாகப் பேசுகிறார்கள். முதல் முப்பது பக்கம் உங்களுக்குச் சப்பென்றுகூட இருக்கலாம். வாழ்க்கை வெறுத்துப்போன ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்லும் இடம் வரும்வரை பொறுத்திருங்கள். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சேர்க்காமல், தனக்கு நடந்ததை மட்டும், ஏறக்குறைய எரிச்சலோடு அவள் சொல்லிக்கொண்டு போகிறாள். அந்த எரிச்சல்தான் ஜமுனாவைத் தூக்கி நிறுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் பேசும் பக்கங்களில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அடுத்தது பூமணியின் ‘வெக்கை’, 1982இல் வெளிவந்தது. இதைத் தழுவி எடுத்த ‘அசுரன்’ படம் பார்த்தாயிற்று, கதை தெரியும் என்று தள்ளிவிடாதீர்கள். பதினைந்து வயதுச் சிதம்பரம் செய்த கொலைக்குப் பிறகு அவனும் அவன் அய்யாவும் காடுகரைகளில் ஒளிந்து திரிவதுதான் நாவல். படத்தில் வரும் அப்பாவின் இளமைக்கால முன்கதை இதில் இல்லை. அவர்களுடைய சாதி என்னவென்று ஆசிரியர் ஓரிடத்திலும் பெயர் சொல்லவில்லை. உங்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அப்பனும் மகனும் பேசிக்கொள்ளும் கரிசல் பேச்சுதான். உயிருக்குப் பயந்து பதுங்கியிருக்கும்போதும் அடுத்த வேளைச் சோற்றைப் பற்றியும் வீட்டில் விட்டுவந்தவர்களைப் பற்றியுமே அவர்கள் பேச்சு போகிறது. கொலை செய்த பையனைக் கண்டிக்கவும் முடியாமல் மெச்சவும் முடியாமல் தவிக்கும் ஒரு தகப்பனின் பாசம், அந்தச் சில்லறைப் பேச்சுகளுக்கு இடையிலிருந்துதான் நமக்குப் பிடிபடுகிறது.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்களே விரும்பிவிடுவீர்கள். 1964இல் வந்த நாவல். பனைமரங்கள் நிறைந்த குமரிச் சிற்றூரில், பழம்பெருமை மட்டும் மிச்சமிருக்கும் ஒரு வீட்டின் பெண் லிஸ்ஸிக்கும் பனையேறும் குடும்பத்துத் தங்கராஜுக்கும் இடையில் வளரும் அன்பு, அதிகம் பேசாமலே வளர்கிறது. லிஸ்ஸியின் பாட்டனாரான கண்ணப்பச்சியின் குரல் மட்டும் புத்தகத்தை மூடிய பிறகும் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் பற்றி நாம் ஏற்கெனவே ஒரு தடவை சண்டை போட்டிருக்கிறோம். ஆண்களின் அரட்டை என்று நீங்கள் பாதியில் மூடிவைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. பெண்கள் அதில் ஓரத்தில்தான் வருகிறார்கள். இருந்தாலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சுமத்ராவின் மெடானிலும் மலேயாவின் பினாங்கிலும் பிழைக்கப் போன தமிழர்களின் பேச்சு, மலாய்ச் சொற்களும் வட்டிக்கடை வழக்கும் பழம்பாடல் வரிகளும் கலந்து, வேறெந்த நாவலிலும் இப்படி ஒலிக்கவில்லை. பதினெட்டு வயதில் மெடானுக்கு வேலைக்குப் போனவர் சிங்காரம். எழுதி முடித்த நாவலை அச்சில் பார்க்க அவர் 1972 வரை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் காத்திருந்தார். முதலிலிருந்து வரிசையாகப் படிக்காமல், கதாநாயகன் பாண்டியனும் நண்பர்களும் கூடிப் பேசும் பகுதி ஒன்றை எடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் மறுபடி வற்புறுத்த மாட்டேன்.

‘தண்ணீர்’ என் பிரதியைத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். பென்சில் கோடுகள் என்னுடையவை, நடுப்பக்கத்துக் காப்பிக் கறை முன்பு இரவல் வாங்கியவருடையது. டீச்சரம்மா பேசும் பக்கத்தில் மட்டும் கோடு போடாமல் விட்டிருக்கிறேன். உங்கள் பென்சிலுக்கு அது இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி