மத்தேயு 23: பட்டமா, முதல் இருக்கையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்தவ ஊழியர்களின் பட்டங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மத்தேயு 23:9 உடனே எடுத்துக் காட்டப்படுகிறது. ‘பூமியிலே ஒருவனையும் உங்கள் பிதா என்று சொல்லாதிருங்கள்’ என்ற அந்த வசனத்தை வைத்து, கத்தோலிக்கரின் ‘அருட்தந்தை’ தவறு என்று தீர்ப்பும் எழுதியாகிறது. முந்தின வசனத்தையும் வாசித்திருக்கலாம். அது ‘ரபீ’யை (யூதர் தம் வேத ஆசிரியரை அழைத்த பட்டம்) விலக்கி, கிறிஸ்து ஒருவரே உங்களுக்குப் போதகர் என்கிறது. 10-ஆம் வசனத்தில் ‘குரு’வும் போகிறது. எழுத்துப்படி எடுத்தால், தீர்ப்பு எழுதியவர் தம் சபைப் பெயர்ப்பலகையில் உள்ள ‘போதகர்’ என்பதையும் அழிக்க வேண்டும்!

ஆனால் போதகரைச் சபைக்குத் தந்தவர் கிறிஸ்துவே என்கிறது எபேசியர் 4:11. இரத்தசாட்சியான ஸ்தேவான் யூத ஆலோசனைச் சங்கத்தாரை ‘பிதாக்களே’ என்று அழைக்கிறார் (அப். 7:2). கொரிந்தியரைச் சுவிசேஷத்தினால் பெற்றவன் நானே என்கிறார் பவுல் (1 கொரி. 4:15). ஆகவே இங்கே தடுக்கப்படுவது வெறும் சொல் அல்ல. எது என்பதை, வேதபாரகரையும் பரிசேயரையும் குறித்த 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் சொல்கின்றன: மனுஷர் காணவேண்டுமென்று செய்யும் கிரியைகள், விருந்தில் முதன்மையான இடம், ஜெப ஆலயத்தில் முதன்மையான ஆசனம், சந்தைவெளியில் வந்தனம். இந்த வரிசையின் கடைசியில்தான் ‘ரபீ, ரபீ’ என்று அழைக்கப்படும் ஆசை வருகிறது.

இதைக் கேட்டு, பட்டம் சூட்டிக்கொண்டவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். ‘அழைக்கப்படாதிருங்கள்’ என்பது பட்டத்தை ஏற்பவருக்கு, ‘சொல்லாதிருங்கள்’ என்பது கொடுக்கும் ஜனத்துக்கு. இருவருக்கும் பொறுப்பு உண்டு. புதிய ஏற்பாட்டில் மூப்பர், கண்காணி (மேற்பார்வையாளர்) என்பவை வேலையின் பெயர்கள். மிலேத்துவுக்கு வரவழைக்கப்பட்ட எபேசு சபை மூப்பர்களையே பவுல் கண்காணிகள் என்கிறார் (அப். 20:17, 28). பேதுருவோ தம்மை ‘உடன்மூப்பன்’ என்றும் (1 பேதுரு 5:1), பவுலை ‘நமக்குப் பிரியமான சகோதரன்’ என்றும் எழுதுகிறார் (2 பேதுரு 3:15).

குருமார் பெயருக்கு முன் வரும் ‘ரெவரெண்ட்’ என்ற ஆங்கிலப் பட்டம் தேவனுக்கு மட்டுமே உரியது என்று சங்கீதம் 111:9-ஐக் காட்டுவோரும் உண்டு. அது, தேவனுடைய நாமத்தை அங்கே ‘ரெவரெண்ட்’ என்று சொல்லும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை நம்பி எழுந்த வாதம். நம் வேதாகமத்தில் அங்கே ‘பயங்கரமுமானது’ என்றுதான் இருக்கிறது. அதே எபிரெயச் சொல் உபாகமம் 1:19-இல் வனாந்தரத்துக்கும் வருகிறது.

அழைப்பிதழிலும் சுவரொட்டியிலும் முதலில் பெயர், அடுத்து செய்யும் பணி, பிறகு சபை என்று அச்சிட்டால் போதும். பணியைச் சொல்லாமல் ஆளை மட்டும் உயர்த்தும் ‘மகா’, ‘மேதகு’, விலைக்கு வாங்கிய ‘டாக்டர்’ ஆகியவற்றை விட்டுவிடலாம். 1 தீமோத்தேயு 5:17 சொல்லும் ‘இரட்டிப்பான கனம்’ அடுத்த வசனத்தில் வேலையாளின் கூலியாக விளக்கம் பெறுகிறது. கிராமத்து உபதேசியாருக்கு அந்தக் கனம் மாதந்தோறும் முழுதாகப் போய்ச் சேருகிறதா என்று சபைக் கமிட்டிகள் முதலில் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
திருமறைப் பாட ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை.