43 படமும் 4 சிவப்புப் பொட்டும்

பெங்களூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். அம்மாவும் நலம், முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ 'ம்', 'சரிப்பா', 'அப்புறம் பேசறேன்' இந்த மூன்றையும் தாண்டுவதில்லை. பொங்கலிலிருந்து கணக்கு வைத்திருக்கிறேன். காகிதம் என்றால் நடுவில் கட் பண்ண முடியாதல்லவா.

நேற்று சித்ரகலா பரிஷத்தில் ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். சிரிக்காதே. சித்திரச் சந்தை நாளில் குமார கிருபா ரோடு முழுக்க உன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் நீ நிற்க நிற்க நானும் நின்றவன்தானே. அல்சூரில் ஏறி சிவாஜிநகரில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அந்த ரோஸ் பூ மரங்கள் இலையே இல்லாமல் பூத்துக் கிடக்கின்றன. நீ இருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பாய்.

உள்ளே ஏழு பேர் சேர்ந்து கண்காட்சி வைத்திருந்தார்கள். எல்லோரும் இந்தப் பக்கத்துக்காரர்கள். ஏரி, பாறை, மரம், மார்க்கெட், தெரு, இதுதான் விஷயம். மொத்தம் 43 படம். விற்றுப்போன படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுவார்களாமே, உனக்குத் தெரிந்திருக்கும். எண்ணினேன், நாலு. அதில் இரண்டை வாங்கியவர் வரைந்தவருடைய மாமனார் என்று வாட்ச்மேன் சொன்னார்.

உன் வயசுப் பொண்ணு ஒருத்தி மெட்ரோ தூண்களாகவே வரைந்திருக்கிறாள். தூணுக்கு அடியில் பூக்காரம்மா, தூணுக்கு அடியில் தூங்கும் நாய், தூணுக்கு அடியில் மழைக்கு ஒதுங்கிய டெலிவரி பையன்கள். ஒரே ஒரு படத்தில் தூண் கிடையாது. பழைய எம்.ஜி. ரோடு, காகிதப்பூ கொடி படர்ந்த அந்த நடைபாதை. 2011இல் நம் பக்கம் முதல் மெட்ரோ ஓடியபோது நீ கை தட்டினாய், நான் அந்த நடைபாதை போச்சே என்று முணுமுணுத்தேன். நினைவிருக்கிறதா?

படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மாசம் எவ்வளவும்மா வரும் என்று கேட்டேன். கேட்கக்கூடாதுதான். அவள் கோபப்படவில்லை. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லித் தருகிறாளாம். இன்னொரு பையன் ராத்திரி ஷிப்டில் கிராபிக்ஸ் வேலை பார்க்கிறான். ஒருவர் பாங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், பென்ஷன் வருகிறது. ஹால் வாடகையை ஏழு பேரும் பங்கு போட்டிருக்கிறார்கள். பிரேமுக்கு ஆன செலவைச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. தனியார் கேலரி என்றால் விற்ற காசில் கமிஷன் வேறு. உங்கள் மும்பையில் ஜஹாங்கீர் கேலரி கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாமே. ஆக, ஏழு பேரில் ஐந்து பேருக்குக் கையில் வேறு ஒரு வேலை இருக்கிறது. இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், சும்மா, தகவலுக்குத்தான்.

பாங்க் மேனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டு ருமாலே சென்னபசவையாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர், பத்திரிகை ஆசிரியர், மேல்சபை உறுப்பினர். அதற்கெல்லாம் பிறகுதான் ரோட்டோரம் நின்று பெங்களூரின் பூத்த மரங்களை வரைந்து தள்ளினாராம். பார், முதலில் மற்ற கடமை, அப்புறம் படம். நீ உடனே ஓவியர் வெங்கடப்பாவைச் சொல்வாய். சரி, அவர் கல்கத்தாவில் அபனீந்திரநாத் தாகூரிடம் படித்துவிட்டு வந்து, வீணையையும் ஓவியத்தையும் தவிர வேறு எதையும் கட்டிக்கொள்ளாதவர்தான். ஊட்டியையும் கொடைக்கானலையும் வாட்டர்கலரில் அவர் போட்டதைக் காட்ட உன்னை மியூசியத்துப் பக்கத்துக் கேலரிக்குக் கூட்டிப் போனதும் நான்தான். ஆனால் அந்தக் காலத்தில் மகாராஜா இருந்தார். இப்போது பி.எஃப்.தான் மகாராஜா.

நீ அனுப்பிய சசூன் டாக் போட்டோ பார்த்தேன். படகுகள் அழகு. காலை பதினோரு மணி வெயில் மாதிரி தெரிகிறது. அனுப்பியது செவ்வாய்க்கிழமை. லீவு போட்டிருப்பாய். உன் அத்தை பையன் ஏதேதோ சொன்னான், அவன் எப்போதும் பாதி தெரிந்துகொண்டு முழுசாகப் பேசுகிறவன், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் பெயரில் இருந்த ஆர்.டி. முடிந்தது. அதில் 20,000 உன் கணக்கில் போட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே, திருப்பி அனுப்பாதே. வேலையில் இருப்பவர்களுக்கும் மாதக் கடைசியில் கை காய்ந்துதான் போகும். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. பி.எஃப். பணத்தில் மட்டும் கை வைக்காதே, அது கிடக்கட்டும்.

எழுத வந்தது இதுவல்ல.

கடைசிச் சுவரில், ஜன்னல் பக்கம், ஒரு படம் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத படம். ஒரு சாம்பல் மேடு, மேலே வெளுத்துப்போன வானம். கிட்டே போனேன். சயனைடு மேடு, பாப்பா. நம் கோலார் தங்கவயல் சயனைடு மேடு, தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண். மழை வழிந்து வழிந்து அறுத்த கீறல்கள் யானைத் தோல் மாதிரி மேலிருந்து கீழே இறங்குகின்றன. கீறலின் நிழலில் துளி ஊதா கலந்திருக்கிறான். மூக்கு உரசும் தூரத்தில் வெறும் தீற்றல். நாலு எட்டு பின்னால் வந்தால் மேடு எழுந்து நிற்கிறது. காற்றடித்தால் கொடியில் காயும் துணியெல்லாம் மாவு பூசினாற்போல் ஆகிவிடும், பாட்டி சோற்றுப் பானைக்கு இரண்டு மூடி போடுவாள் என்று சொல்லியிருக்கிறேனே, அந்தத் தூசி தொண்டையில் வந்து உட்கார்ந்த மாதிரி எனக்கு இருமல் வந்துவிட்டது.

வரைந்த பையன் ஆண்டர்சன்பேட்டைக்காரன். 2001இல் மைன்ஸ் மூடியபோது கைக்குழந்தையாம். நான் ரொம்ப நேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, "சார் கேஜிஎஃபா? எந்த லைன்?" என்று ஆசையாகக் கேட்டான். மைன்ஸ் தொழிலாளர் வீட்டு வரிசைகளைத்தான் லைன் என்போம். நான், "இல்லப்பா, சும்மா பார்க்கிறேன், பெங்களூர்தான்" என்றேன்.

அறுபத்தாறு வயதில், யாரோ ஒரு பையனிடம், ஒரு தேவையும் இல்லாமல். பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றபோதுதான் உறைத்தது.

பி.யூ.சி. லீவில் பழைய வீட்டு ஹால் சுவரில் நீ வரைந்தாயே, அந்த மேடு, சுரங்க ஷாப்ட் கோபுரம், விளக்கு வைத்த தொப்பியோடு தாத்தா. ஓனரம்மா திட்டினார்கள், அதனால்தான் பெயிண்ட் அடித்து அழித்துவிட்டேன் என்று சொன்னேன். ஓனரம்மா திட்டவே இல்லை. "ஏன் சார் அழிச்சீங்க, நல்லா இருந்ததே" என்று என்னைத்தான் கேட்டார்கள். அடுத்த நாள் எங்கள் டிபார்ட்மெண்டிலிருந்து நாலு பேர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவர்களிடமெல்லாம் என் அப்பா மைனிங் ஆபீஸில் கிளார்க் என்று சொல்லி வைத்திருந்தேன், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து. சுவரில் அவர் தொப்பியோடு நிற்கிறார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் இறங்கி இறங்கி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு என்னைப் படிக்க வைத்தவர்.

நீயும் அம்மாவும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தீர்கள். டிஸ்டெம்பர் வாங்கி வந்து நானே அடித்தேன். மேடு முதல் கோட் பெயிண்டிலேயே போய்விட்டது. கோபுரம் இரண்டாவது கோட்டில் போனது. தொப்பி விளக்குக்கு எனாமல் மஞ்சள் வைத்திருந்தாய், அது மூன்று கோட்டுக்கும் அடங்கவில்லை. கடைசியில் அந்த இடத்தில் காலண்டர் மாட்டினேன். நீ வந்து சுவரைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷம்தான் பரிஷத் ஓவியக் காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்ததை நிரப்பாமல் விட்டுவிட்டு, இன்ஜினியரிங் சேருகிறேன் என்றாய். நான் தெருவெல்லாம் ஸ்வீட் கொடுத்தேன். உன் முதல் சம்பளத்தில் வந்த வாட்சைக் காட்டாத ஆள் கிடையாது. அதில் பொய்யில்லை, இன்றைக்கும் பெருமைதான்.

அந்த வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். சுவரும் இல்லை, காலண்டரும் இல்லை.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. செவ்வாய்க்கிழமை பற்றியும் சொல்ல வேண்டும் என்று இல்லை. சொன்னால் கேட்டுக்கொள்வேன், கத்த மாட்டேன். கத்தினாலும் அன்றைக்கு மட்டும்தான்.

கண்காட்சிக்கு இன்று கடைசி நாள், சாயந்திரம் ஏழு மணி வரை. சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளம்புகிறேன். அந்தப் பையனிடம் எந்த லைன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நாளைக்கு இதைத் தபாலில் சேர்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அந்த மெட்ரோ பொண்ணிடம் அல்சூர் ஏரி ஒன்று வாங்கினேன், போஸ்ட்கார்டு இரண்டைச் சேர்த்த அளவு, 2,500 ரூபாய். போனில் அனுப்பியிருக்கிறேன், பார். நம் ஏரி எந்தக் காலத்தில் இவ்வளவு நீலமாக இருந்தது? நான் ஏமாந்துவிட்டேனா இல்லையா, அதை மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் எழுது.