நோட்டீஸில் திரும்பி வரும் தேதியும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்கு முன்னால் சென்னையில் பழுதான அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஆய்வு செய்து, ஆபத்தானவற்றைக் காலி செய்வது பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். கட்டாயம் செய்ய வேண்டிய வேலைதான். வடசென்னையில் அப்படி ஒரு பழைய குடியிருப்பில் 22 வருஷமாக இருப்பவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் (முன்பு குடிசை மாற்று வாரியம்) குடியிருப்பின் ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. 24 வீடுகள். கட்டி முப்பது வருஷம்கூட ஆகாத கட்டடம். விரிசல் விடுவதைப் பார்த்து எல்லாரும் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் ஓர் உயிரும் போகவில்லை. அதிலிருந்து எங்கள் பிளாக்கிலும் ராத்திரி 'சட்'டென்று ஒரு சத்தம் கேட்டால் நாலு வீட்டில் விளக்கு எரியும்.

எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் கூரைக் கம்பி வெளியே தெரிகிறது. கடல்காற்றில் துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருத்து, மேலே இருக்கிற காங்கிரீட்டைத் தள்ளிவிடுமாம், கொத்தனார் சொன்னார். அடுப்புக்கு மேலே ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை அவிழ்த்தால் அரை முறம் காரை கொட்டும். குழம்புச் சட்டியை ஒரு நிமிஷம் மூடாமல் வைக்க முடியாது.

போன வருஷம் எங்கள் பிளாக்கைப் பார்க்கப் பொறியாளர்கள் வந்தார்கள். வரப்போவது தெரிந்ததும் நாங்கள் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். விரிசலில் சிமெண்ட் பால் அடித்தோம். மூன்றாம் மாடி அக்கா கூடத்துச் சுவரின் பெரிய விரிசல்மேல் காலண்டரை மாட்டினார். நானும் ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டு, கையெட்டிய இடத்தில் சுண்ணாம்பு பூசினேன். பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் இதைச் செய்தோம்.

வீடு விழுந்துவிடும் என்ற பயம் எங்களுக்கு இல்லாமல் இல்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது என்ற பயம் அதைவிடப் பெரியது. சென்னையின் தென்கோடியில் வாரியம் கட்டிய பெரும்பாக்கம், செம்மஞ்சேரிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டுப் போனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், பாரிமுனையில் மூட்டை தூக்குகிறவர், இவர்கள் அங்கே போய் எப்படிப் பிழைப்பார்கள்?

சரி, அங்கெல்லாம் அனுப்பமாட்டோம், இடித்துவிட்டு இதே இடத்தில் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். நல்லது. கட்டி முடிக்கிறவரை வெளியே தங்க, குடும்பத்துக்குக் கருணைத் தொகை 8,000 ரூபாயாக இருந்ததை 24,000 ஆக உயர்த்தினார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் பக்கம் ஓர் அறை வீட்டுக்கே வாடகை 7,000 கேட்கிறார்கள். நாலு மாசத்துக்குக்கூடக் காணாது. அட்வான்ஸுக்கு எங்கே போவது? இடித்துக் கட்ட இரண்டு வருஷமாவது பிடிக்காதா? அப்புறம், ஒதுக்கீடு பெற்றவரிடம் வாடகைக்கு இருக்கிறவர்கள் கதை. அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. கட்டடம் விழுந்தால் அவர்கள் தலையிலும்தான் விழும்.

காலி செய்யச் சொல்லி ஒட்டுகிற நோட்டீஸ்களில் 'குடியிருக்கத் தகுதியற்றது, உடனே வெளியேறவும்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதே தாளில், புது வீட்டுச் சாவி எந்த மாதம், எந்த வருஷம் கைக்கு வரும் என்பதையும் எழுதி அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். சாவி தரும் மாதம்வரை வாடகையை மாதாமாதம் வங்கிக் கணக்கில் போட வேண்டும். கணக்கெடுக்கும் நாளில் அந்த வீட்டில் யார் சமைத்துச் சாப்பிடுகிறார்களோ, அவர்கள் பெயரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அப்படி ஒரு தாள் எங்கள் பிளாக்குக்கு வந்தால், மறுநாளே மூன்றாம் மாடிக்குப் போய் அந்தக் காலண்டரைக் கழற்றச் சொல்லிப் பொறியாளரிடம் விரிசலை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடசென்னை