குடலில் இருப்பவர்களுக்கும் பசிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நலம் தரும் உணவுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். குடல் பாக்டீரியாவைப் பற்றித் தமிழில் எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்கப் புரோபயாட்டிக் பானமும் தூளும்தான், அதாவது நன்மை தரும் பாக்டீரியாவை உயிரோடு சேர்த்தவை. உள்ளே போகிற அந்தப் பாக்டீரியா எதைத் தின்று பிழைக்கும் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் மியான்மரில், யாங்கோன் பேயின்நாங் மார்க்கெட்டில் ஒரு பருப்புக் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறேன். உளுந்து, துவரை, கொண்டைக்கடலை மூட்டைகளுக்கு நடுவில்தான் என் நாற்காலி. "பருப்பு சாப்பிட்டா வாயு" என்று என்னிடம் குறைப்படாத ஆள் இல்லை. பருப்பில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றைச் செரிக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்குள்ள பாக்டீரியா அவற்றைப் புளிக்க வைக்கும்போது வாயு வருகிறது. தொந்தரவுதான், சரி. ஆனால் பருப்பின் நாரையும் சேர்த்துப் புளிக்க வைக்கிற அதே வேலையில்தான் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமும் உண்டாகிறது. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கியத் தீனியே அதுதான். வாயுவுக்குப் பயந்தவர்கள் பருப்பை நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் கொஞ்சம் குறையும். பருப்பையே ஒதுக்க வேண்டாம். (என் பிழைப்புக்காகச் சொல்லவில்லை!)

ஒரே உணவு எல்லோருக்கும் ஒரே பலனைத் தராது என்பதையும் கட்டுரை விட்டுவிட்டது. சோயாவில் டைட்செயின் என்றொரு பொருள் உண்டு. அதை ஈக்வால் என்ற, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல லேசாக வேலை செய்யும் பொருளாக மாற்றும் பாக்டீரியா சிலர் குடலில்தான் இருக்கிறது. மற்றவர்கள் எவ்வளவு சோயா சாப்பிட்டாலும் ஈக்வால் கிடைக்காது. தோஃபு என்றால் சோயாக்கட்டிதான், ஆனால் நம் ஊர் ஷான் தோஃபுவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கடலைமாவு. நாம் சாப்பிடுகிற புளித்த தேயிலையான லப்பெட்டிலும் குடல் பாக்டீரியாவுக்கு வேலை உண்டு. தேயிலைக்குத் துவர்ப்புத் தரும் பாலிஃபீனால் என்ற பொருள்களில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் கீழே இறங்கிவிடும். பாக்டீரியா உடைத்துக் கொடுத்த பிறகே அதில் ஒரு பங்கு ரத்தத்தில் சேர்கிறது.

பானத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்று. போன சித்திரையில் மகளுக்காக ஒரு கடையில் வாங்கினேன். குளிரில் வைக்கவும் என்று பாட்டிலில் அச்சடித்திருந்தது. கரண்ட் போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது; கடைக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே புழுக்கம். மூடி லேசாக உப்பியிருந்தது. "ஒன்னும் ஆகாது அண்ணே" என்றார். உயிரோடு, போதிய அளவில் உள்ளே போய் நன்மை செய்தால்தான் புரோபயாட்டிக் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பாட்டிலில் எத்தனை உயிரோடு இருந்தனவோ! அப்படியே இருந்தாலும், குடித்ததும் அவை குடலில் குடியேறிவிடும் என்று கட்டுரையாளர் எழுதியது சரியல்ல. பெரும்பாலானவை சில நாட்களில் வெளியேறிவிடும்.

எங்கள் தெருவில் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கும் அம்மா அதில் இன்னும் வாழைத்தண்டு போடுகிறார். வட்டமாக நறுக்கி, விரலில் சுற்றிவரும் நூலை எடுத்தெறிந்த பிறகும் தண்டில் நார் நிறைய மிச்சம் இருக்கும். அடுத்த இதழில் அந்தத் தண்டுக்கும் பருப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அப்புறம், பழைய சோறு பற்றி எழுதினால் இந்த வெக்கையில் எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்றும் ஒரு டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் அது தினசரிச் சண்டை.

தங்கள் வாசகர்,
யாங்கோன்