வியன்னாவுக்குத் தண்ணீர் பாட்டில் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய வசந்தம் பற்றிய பயணக் கட்டுரையில் வியன்னாவுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். ஆனால் கட்டுரையாளர் சொன்ன இரண்டு யோசனைகளை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மார்ச்சில் போனால் மொட்டை மரங்களைத்தான் பார்க்க வேண்டும், மே மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள் என்கிறார். அப்புறம், கையில் எப்போதும் மினரல் வாட்டர் பாட்டில் இருக்கட்டும் என்கிறார். முதலாவது அவரவர் ரசனை, போகட்டும். இரண்டாவதை நான் விடுவதாக இல்லை. எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். மாதா மாதம் தண்ணீர் டேங்கர் பில்லில் கையெழுத்துப் போடுகிறவளுக்குத் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் பேச உரிமை உண்டு.

2024 மார்ச்சில் மகள் வீட்டுக்கு வியன்னா போயிருந்தேன். கிளம்பும்போது இங்கே பெங்களூர் கப்பன் பார்க் பக்கம் டபேபூயா மரங்கள் இலையே தெரியாமல் ரோஜா நிறத்தில் பூத்துக் கிடந்தன. ஒரு மரம் ஓய்ந்தால் அடுத்தது பூக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு இந்த ஊரில் மரம் நட்ட க்ரும்பிகல் ஒரு ஜெர்மானியர். "ஐரோப்பாக்காரன் செஞ்சு குடுத்த வசந்தத்தை விட்டுட்டு ஐரோப்பாவுக்கே வசந்தம் பாக்கப் போறியா" என்று அண்ணன் கிண்டல் செய்தார்.

அங்கே இறங்கினால் மரங்கள் மொட்டைதான். ஆனால் மொட்டை மரத்துக்குக் கீழே எவ்வளவோ நடக்கிறது. வழக்கத்தைவிட வெதுவெதுப்பான மார்ச் என்று அந்த ஊர்க்காரர்கள் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நான் புடவைக்குள் தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே மருமகனின் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா. பழைய அரண்மனையை ஒட்டி ஃபோல்க்ஸ்கார்ட்டன் என்று ஒரு பூங்கா, ஆயிரக்கணக்கில் ரோஜாச் செடிகள். பனியில் கருகாமல் இருக்க ஒவ்வொரு செடிக்கும் தலையோடு சாக்கு மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி வைக்கிறார்கள். வரிசையாகப் பார்த்தால், மழை நேரத்தில் கோணி போர்த்திக்கொண்டு கே.ஆர். மார்க்கெட்டில் நிற்கும் மூட்டை தூக்குகிறவர்கள் மாதிரியே இருக்கிறது. நாங்கள் போனபோது பாதிச் செடிகளுக்குச் சாக்கு அவிழ்த்தாகிவிட்டது. அவிழ்த்த குச்சிகளில் கருஞ்சிவப்பாகத் துளிர். மே மாதம் போனால் ரோஜாவைப் பார்க்கலாம், இதைப் பார்க்க முடியாது.

ப்ராட்டர் காட்டுக்குள் நுழைந்தால் பூண்டு வாசனை மூக்கில் ஏறுகிறது. தரை முழுக்கக் காட்டுப்பூண்டு இலை. ஊர்க்காரர்கள் பை பையாகப் பறித்துப் போகிறார்கள். அதே மாதிரி இலையுள்ள விஷச்செடிகளும் உண்டென்று மகள் என்னைக் கைவைக்க விடவில்லை, நாஷ்மார்க்ட் சந்தையில் ஒரு கட்டு வாங்கித் தந்தாள். உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளி வைத்துத் துவையல் அரைத்தேன். மிச்சத்தை மருமகன் ரொட்டியில் தடவி ஆபீசுக்கு எடுத்துப் போனார். கட்டுரையாளருக்குச் செய்முறை வேண்டுமானால் தனியாக எழுதுகிறேன்.

தண்ணீருக்கு வருகிறேன். போன அன்று சமையலறையில் ஃபில்டரைத் தேடினேன், இல்லை. கேனும் இல்லை. மகள் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து நீட்டினாள். பல் கூசும் குளிர்ச்சி, குளோரின் நெடி கிடையாது, உப்பும் கிடையாது. பாத்ரூம் குழாயிலும் இதே தண்ணீர்தானாம். கக்கூஸில் ஊற்றுவதும் ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர்தான் என்று தெரிந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஊரிலும் எல்லாம் சரியாக இல்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

காபி ஹவுஸில் காபி கேட்டால், சின்ன வெள்ளித் தட்டில் காபியும் பக்கத்தில் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரும் வருகின்றன, டம்ளர் மேல் ஸ்பூனைக் குறுக்கே வைத்து. ஒரே காபியோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போ என்பார் யாருமில்லை. தண்ணீரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். செய்தித்தாளை மரச்சட்டத்தில் கோத்துக் கையில் தருகிறார்கள், ஆசிரியருக்கு இது பிடிக்கும்.

மார்ச்சின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு தெருக்குழாயின் முன்னால். வியன்னாவில் பூங்கா, சந்தை, ட்ராம் நிறுத்தம் என்று ஆயிரத்துக்கும் மேல் பொதுக் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. உறைபனியில் குழாய் வெடித்துவிடும் என்று குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள், வசந்தம் தொடங்கியதும் ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். மகள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் மாநகராட்சி ஆள் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, தரையிலிருந்த இரும்பு மூடியைத் தூக்கி, நீளமான சாவியை உள்ளே விட்டுத் திருகினார். குழாய் முதலில் இருமியது, கொஞ்சம் துரு நிறத்தில் கக்கியது, பிறகு தெளிந்தது. தெளிந்த பிறகும் அவர் மூடவில்லை. ஓடவிட்டுவிட்டு வண்டியில் சாய்ந்து சிகரெட் பிடிக்கிறார்! இரண்டு குடம் போயிற்று, நாலு குடம் போயிற்று என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் குழாய்க்குள் தேங்கிய தண்ணீரை அப்படித்தான் வெளியேற்ற வேண்டுமாம். கடைசியில் மேல்கோட்டு போட்ட ஒரு பாட்டி நாய்க்குட்டியோடு வந்து, அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, குனிந்து வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போனார்.

இந்தத் தண்ணீர் இருக்கும்போது பாட்டில் எதற்கு? காலி பாட்டில் ஒன்று பையில் இருந்தால் போதும். தெருக்குழாய் திறந்திருக்காவிட்டால் தங்கும் அறைக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம்.

இது வந்த கதையைத்தான் உங்கள் பக்கத்தில் எதிர்பார்த்தேன். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வியன்னாவும் காலராவிலும் டைபாய்டிலும் செத்துக்கொண்டிருந்த ஊர்தான். கழிவுக்குழியின் கசிவு கிணற்றில் இறங்கியது. எடுவர்ட் சூஸ் என்று ஒரு புவியியல் பேராசிரியர், ஊர் மண்ணைப் படித்தவர், நகரசபைக்குள் போய் உட்கார்ந்து, கிணற்றை நம்பாதீர்கள், மலை ஊற்றைக் கொண்டுவாருங்கள் என்று வாதாடினார். தென்கண்டங்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன என்று சொல்லி, நம் நாட்டுக் கோண்டு பழங்குடிகளின் காட்டுப் பெயரால் அதைக் கோண்டுவானா நிலம் என்று அழைத்தாரே, அதே சூஸ். 1873 அக்டோபரில் ராக்ஸ், ஷ்னேபெர்க் மலைகளிலிருந்து முதல் குழாய்வழி வந்தது. 1910-ல் ஹோக்‌ஷ்வாப் மலையிலிருந்து இரண்டாவது, ஏறக்குறைய 180 கிலோமீட்டர். தண்ணீர் 36 மணி நேரம் நடந்து ஊர் வந்து சேர்கிறது. பம்பு இல்லை, சரிவிலேயே இறங்கி வருகிறது. வரும் வழியில் அந்த வேகத்தை வைத்து மின்சாரமும் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தண்ணீர் வந்ததைக் கொண்டாட எழுப்பிய பெரிய நீரூற்று ஷ்வார்ட்சென்பெர்க் சதுக்கத்தில் இருக்கிறது. நான் பார்த்தபோது இன்னும் திறக்கவில்லை, தொட்டி காலி. உங்கள் கட்டுரையில் அதன் படம் இருக்கிறது, கீழே 'அழகிய நீரூற்று' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள்!

நான் அங்கே குழாயடியில் நின்ற அதே நாட்களில் எங்கள் அடுக்கக வாட்ஸ்அப் குழு அலறிக்கொண்டிருந்தது. சம்ப் காலி, போர்வெல்லில் காற்றுதான் வருகிறது, நாளைக்கு டேங்கர் உண்டா இல்லையா. பெங்களூரில் அந்த மார்ச்சை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டதாகத் துணை முதல்வரே சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. டேங்கருக்கு மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் வண்டிக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000. அந்த விலையில் எங்கள் வாசலுக்கு ஒரு வண்டியும் வரவில்லை. வியன்னாவிலிருந்து நானே போன் செய்து கேட்டேன். "ரேட்டு போட்டவங்ககிட்டயே தண்ணி வாங்கிக்கோங்க மேடம்" என்றார் டேங்கர்காரர். அவர் கேட்ட தொகையை மகளின் சமையலறையில் நின்றுகொண்டு, அந்தக் குழாயைப் பார்த்தபடியே கூகுள் பேயில் அனுப்பச் சொன்னேன்.

இரண்டு ஊரையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்பார்கள். அங்கே 20 லட்சம் பேர், இங்கே ஒரு கோடிக்கும் மேல். அவர்களுக்கு மலை மேலே, ஊர் கீழே. நமக்கு ஊர் 900 மீட்டர் உயரத்தில், காவிரி கீழே. தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்பு வைத்து, 100 கிலோமீட்டர் தூரம் மேடேற்றிக் கொண்டுவருகிறோம். அவர்கள் தண்ணீர் மின்சாரம் கொடுக்கிறது, நம் தண்ணீர் மின்சாரம் குடிக்கிறது. இதெல்லாம் பூமியின் அமைப்பு, யாரையும் குறை சொல்ல முடியாது.

மழையில் மட்டும் நமக்குத்தான் மேல்கை. பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரி 970 மில்லிமீட்டர், வியன்னா 700-ஐத் தொடாது. "வியன்னா ஊர்மேல பெய்யுற மழையைக் குடிக்கல, மலைமேல பெய்யுறதைத்தான் குடிக்குதும்மா" என்று மகள் திருத்தினாள். சரிதான். ஆனால் அந்த மலைக் காட்டை அவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்லவந்தது. ஊற்றுகளைச் சுற்றி 30,000 ஹெக்டேருக்கு மேல் காடு நகராட்சியின் பராமரிப்பில். ஊற்றுத் தண்ணீரைக் காப்பதை 2001-ல் நகரத்தின் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

நமக்கும் அப்படி ஒரு நீர்ப்பிடிப்பு நிலம் இருந்தது. 1894-ல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர், 1933-ல் அர்க்காவதி ஆற்றின் குறுக்கே திப்பகொண்டனஹள்ளி அணை. இரண்டும் ஊருக்குப் பக்கத்திலேயே, மழையை நம்பி. காவிரி வந்தது 1974-ல்தான். வந்த கையோடு பக்கத்து ஆற்றை மறந்தோம். அர்க்காவதியின் வரத்துக் கால்வாய்கள் லேஅவுட் ஆயின, யூகலிப்டஸ் தோப்பாயின, மிச்சத்தில் சாக்கடை ஓடியது, அணைத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தைத் திறந்து, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக என்றார்கள். எங்கள் ராமமூர்த்தி நகர் பக்கம் நிலைமை தேறியது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஐந்துக்குப் பிறகு ஆறு, ஏழு என்று ஒரே ஆற்றிடம்தானே போய் நிற்கப் போகிறோம்? இந்த ஊரில் காவிரி என்றாலே தமிழர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பழகியவர்கள். 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்தவள் நான். பக்கத்து ஆற்றைப் பற்றியாவது சத்தமாகப் பேசலாமே.

எங்கள் அடுக்ககத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மொட்டைமாடியிலிருந்து குழாய் இறங்குகிறது, சான்றிதழ் இருக்கிறது. அந்தக் குழாயின் மறுமுனை தெருச் சாக்கடையில். கூட்டத்தில் நான் இதை எழுப்பினால் லிஃப்ட் பெயின்ட் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். வெளிநாட்டு ஊரைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது அரண்மனையோடு அந்த ஊர் எங்கே தண்ணீர் குடிக்கிறது என்றும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்து, பெங்களூர்ப் பதிப்பில் தங்கம் விலை போடும் கட்டத்துக்குப் பக்கத்தில், வாசகர்கள் அனுப்பும் டேங்கர் விலையைப் பகுதிவாரியாக வாரம் ஒருமுறை வெளியிடுங்கள். ராமமூர்த்தி நகரில் இவ்வளவு, மாரத்தஹள்ளியில் இவ்வளவு என்று அச்சில் வந்துவிட்டால், அதைக் காட்டிப் பேரம் பேச என்னைப் போன்றவர்களுக்குக் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும். மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். 2024 முதல் எங்கள் பில்கள் எல்லாம் ஃபைலில் இருக்கின்றன. வண்டிக்காரர் பெயரை மறைத்து, நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு.